அளவில்லா இணைப்பின் அளவு



உங்கள் வீட்டுக் கைபேசியில் அன்றைய டேட்டா தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இணைப்பு அறுந்துவிடுவதில்லை. ஆனால் படம் நகர மறுக்கிறது. பாட்டு பாதியில் நிற்கிறது. திட்டத்தின் பெயரோ ‘அன்லிமிடெட்’! பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைத் தேடிப் படித்தால், ‘அதன் பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறையும்’ என்று பல திட்டங்களில் எழுதியிருக்கும்.

இந்த 64 என்ற எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சலித்துக்கொள்ளும் இந்த வேகத்தைக்கூட எட்டாத ஓர் இணைப்புக்காக, உங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்தபோது மக்கள் வரிசையில் காத்து நின்றார்கள். அதற்கு டயல்-அப் இணைப்பு என்று பெயர். இணைய நிறுவனத்தின் எண்ணைத் தொலைபேசியில் சுழற்றி, மணி அடித்து, மறுமுனையில் ஓர் இயந்திரம் எடுத்துப் பேசினால்தான் இணையம். அந்த நேரம் முழுவதும் வீட்டுத் தொலைபேசியில் வேறு யாரும் பேச முடியாது.

இந்த இணைப்புக்குச் சில நாடுகளில் மணிக் கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். பிறகு மாதம் ஒரே தொகை என்றார்கள். ஒரே தொகை கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் அல்லவா? அப்படியானால் அதற்கு எல்லை ஏது என்று கேட்கத் தோன்றும். எல்லை இருந்தது. அது விலைச்சீட்டில் இல்லை. கம்பியிலும் கணக்கிலும் இருந்தது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கம்பியின் குரல்வளை

தொலைபேசி மனிதர் பேசுவதற்காக அமைந்த கருவி. மனிதக் குரலில் பல அதிர்வெண்கள் கலந்திருந்தாலும், பேச்சு புரிவதற்கு நொடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரை இருந்தால் போதும் என்று பொறியாளர்கள் கண்டார்கள். அதற்கு மேலும் கீழும் உள்ளவற்றைத் தொலைபேசி இணைப்பகம் வடிகட்டிவிடும். தொலைபேசியில் பாட்டுக் கேட்டால் சுவைக்காததன் காரணம் இதுவே. ஆக, நமக்குக் கிடைக்கும் பட்டை அகலம் 3,400-லிருந்து 300 போக 3,100 ஹெர்ட்ஸ்.

கணினியோ பேசாது, அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு எண்கள்தாம். அவற்றைக் கம்பி ஏற்றுக்கொள்ளும் ஒலியாக மாற்றுவது பண்பேற்றம். மறுமுனையில் ஒலியை மீண்டும் எண்களாக்குவது பண்பிறக்கம். இரண்டையும் செய்யும் பெட்டிதான் மோடம். இணைப்பு கிடைக்கும்போது அது கீச்சென்றும் கரகரவென்றும் ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அதை நடித்துக் காட்டுவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

1962-இல் வந்த மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது. 1994-இல் 28,800 ஆயிற்று, 1996-இல் 33,600. அதற்கு மேல் மோடத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் வேகம் ஏறவில்லை. ஏன்?

இராமேசுவரம் செல்லும் ரயிலை எண்ணிப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் மேல், எத்தகைய விரைவு வண்டியும் ஊர்ந்துதான் போயிற்று. சென்னையிலிருந்து எவ்வளவு வேகமாக வந்திருந்தால் என்ன? பாலத்தின் மேல் பாலம் சொல்வதுதான் வேகம். இணையத்தின் பெரிய பாதைகள் எவ்வளவு அகலமானாலும், உங்கள் வீட்டுக்கும் இணைப்பகத்துக்கும் இடையே உள்ள அந்த இரண்டு செப்புக் கம்பிகளே பாம்பன் பாலம்.

பாலத்தின் வேகத்தைப் பொறியாளர் சொல்லுவார். கம்பியின் வேகத்தைச் சொன்னவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 1948-இல் அவர் வெளியிட்ட ஒரு விதி இது: கம்பியில் பிழையின்றி அனுப்பக்கூடிய பிட்டுகளின் எண்ணிக்கை இரண்டே பொருள்களைப் பொறுத்தது. ஒன்று பட்டை அகலம். மற்றொன்று, சைகையின் திறன் இரைச்சலின் திறனைப் போல் எத்தனை மடங்கு என்பது.

கணக்கு கடினமன்று. சைகை இரைச்சலைப் போல் 1,023 மடங்கு என்று கொள்வோம். அதனுடன் 1 கூட்டினால் 1,024. இரண்டை எத்தனை முறை பெருக்கினால் 1,024 வரும்? பத்து முறை. அந்தப் பத்தைப் பட்டை அகலத்தால் பெருக்குங்கள்: 10 × 3,100 = 31,000. அதாவது நொடிக்கு 31,000 பிட். நல்ல தொலைபேசிக் கம்பியின் நிலை ஏறத்தாழ இதுவே. சற்றுச் சிறந்த கம்பியானால் இன்னும் சில ஆயிரம் கூடும். 33,600-இல் மோடங்கள் மூச்சு வாங்கியது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

‘அப்படியானால் பிறகு 56 கிலோபிட் மோடம் எப்படி வந்தது?’ என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். இணைப்பகம் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. 8,000 × 8 = 64,000. நினைவில் வைக்கச் சொன்ன 64 இங்கே வந்துவிட்டது! ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு இணைப்பகங்களுக்கிடையே ஒதுக்கும் இடம் அதுவே. இப்படி அளந்து எழுதும்போது சிறு பின்னங்கள் விடுபடுகின்றன; அந்தப் பிழையும் ஓர் இரைச்சல்தான். இணைய நிறுவனம் தன் முனையை நேராக எண் வடிவிலேயே இணைப்பகத்தோடு சேர்த்துவிட்டால், அங்கிருந்து நம்மிடம் வரும் பாதையில் இந்த அளத்தலும் இல்லை, அந்தப் பிழையும் இல்லை. இரைச்சல் குறைந்தது, எல்லை உயர்ந்தது. எட்டு பிட்டுகளில் ஏழைத்தான் நம்பிப் பயன்படுத்த முடிந்தது: 8,000 × 7 = 56,000. இந்த மோடத்துக்கு 1998-இல் உலகத் தரம் வகுத்தார்கள். ஆனால் நம்மிடமிருந்து போகும் பாதையில் அளத்தல் இருந்துகொண்டே இருந்ததால், அனுப்பும் வேகம் பழைய 33,600-தான். ஷானன் விதி மீறப்படவே இல்லை.

இனி, நம் கடற்கரைக்கு வருவோம். பாம்பன் பகுதி இரும்பை அரிக்கும் காற்றுக்குப் பேர்போனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் பயன்படுத்தியிருப்பது இந்த உப்புக் காற்றுக்கு அஞ்சித்தான். செம்புக்கும் இது பகை. இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறினால் தொடர்பு தளரும், கரகரப்பு பிறக்கும். பேசுகிறவர் ‘கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்’ என்று சமாளித்துக்கொள்வார். மோடம் என்ன செய்யும்?

இரைச்சல் எட்டு மடங்கானதாகக் கொள்வோம். 1,023 மடங்கு இருந்த சைகை இப்போது ஏறத்தாழ 127 மடங்குதான். 1 கூட்டினால் 128. அது இரண்டை ஏழு முறை பெருக்கிய எண். 7 × 3,100 = 21,700. இரைச்சல் எட்டு மடங்கு கூடியும் வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை! ஷானன் விதியின் அழகு இது. ஆனாலும், அதே கட்டணம் கட்டும் இருவரில் இணைப்பகத்தின் பக்கத்து வீட்டுக்காரருக்கு 45,000 பிட்டும், ஊர்க்கோடிக் கடற்கரை வீட்டுக்காரருக்கு 21,000 பிட்டும் கிடைக்கும். கட்டணம் ஒன்றாக இருப்பதாலேயே கிடைப்பதும் ஒன்றாகிவிடாது.

மாதம் முழுக்க ஓடினால்

சரி, வேகம் சராசரியாக நொடிக்கு 40,000 பிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 4 மெகாபைட் அளவுள்ள ஒரு பாட்டு 3 கோடியே 20 லட்சம் பிட். அதை இறக்க 800 நொடி, அதாவது 13 நிமிடம் 20 நொடி ஆகும். 700 மெகாபைட் உள்ள திரைப்படத்துக்கு ஏறத்தாழ 39 மணி நேரம்.

இனி, ஒரு பேராசைக்காரர் மாதக் கட்டணம் கட்டிவிட்டு 30 நாளும் இரவு பகலாக இணைப்பை விடவே இல்லை என்று கொள்ளுங்கள். ஒரு நாளில் 86,400 நொடி. 40,000 × 86,400 × 30 என்று பெருக்கி, பிட்டைப் பைட்டாக்க 8-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 13 கிகாபைட். எல்லையில்லாத அந்த இணைப்பின் உச்ச எல்லை இதுதான். நாளொன்றுக்கு ஒன்றரை கிகாபைட் தரும் கைபேசித் திட்டத்தில் நீங்கள் இதை ஒன்பது நாளில் தீர்த்துவிடுகிறீர்கள்!

ஆகவே, ‘அளவில்லை’ என்று அறிவித்த நிறுவனம் ஒருவருக்காக அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதற்கு.

வாளியும் வரிசையும்

இராமேசுவரம் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? அக்னி தீர்த்தமான கடலில் நீராடிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களில் நீராடுவது வழக்கம். கிணற்று விளிம்பில் ஆட்கள் நின்று கயிறு கட்டிய சிறு வாளியால் நீர் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். சாதாரண நாளில் நடந்துகொண்டே நீராடிவிடலாம். ஆடி அமாவாசையன்றோ வரிசை நெடுந்தூரம் நீளும். அன்று கிணற்றில் நீர் வற்றிவிட்டதா? இல்லை. வாளி ஏற்றி இறக்கும் கைகள் அவ்வளவுதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் கற்பனை செய்யுங்கள். ‘ஒரே சீட்டுக்கு எத்தனை வாளி வேண்டுமானாலும்’ என்று அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? முன்னே நிற்பவர் நகர மாட்டார். பின்னே நிற்பவருக்குச் சீட்டு கையில் இருக்கும், நீர் இருக்காது.

டயல்-அப் இணைப்பில் வாளி என்பது நிறுவனத்திடம் உள்ள மோடம். ஒரு நேரத்தில் ஒரு மோடம் ஒருவருக்குத்தான். ஏறத்தாழப் பத்துச் சந்தாதாரருக்கு ஒரு மோடம் என்பது அக்காலத்தின் வழக்கமான கணக்கு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும்வரை மக்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பயன்படுத்தினார்கள். இந்தக் கணக்கு செல்லுபடியாயிற்று.

இத்தகைய கணக்கைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் அக்னர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த அவர், 1909-இல் தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைப் பற்றி முதல் கட்டுரையை வெளியிட்டார். 1917-இல் புகழ்பெற்ற சூத்திரத்தைத் தந்தார். ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் நிரம்பியிருந்தால் அது ஓர் ‘எர்லாங்’ என்று அவர் பெயராலேயே அளவு வைத்தார்கள்.

ஒரு சிறிய ஊர் இணைப்பகத்தை எடுத்துக்கொள்வோம். 100 தொலைபேசிகள், வெளியே செல்ல 10 தடங்கள். நெரிசலான மாலை நேரத்தில் ஒவ்வொருவரும் 3 நிமிடம் பேசுகிறார்கள். மொத்தம் 300 நிமிடம், அதாவது 5 எர்லாங். எர்லாங் சூத்திரத்தின்படி, இந்நிலையில் நூறு அழைப்புகளில் ஏறத்தாழ இரண்டுக்குத்தான் ‘எங்கேஜ்’ ஒலி கிடைக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த நூறு பேரில் பத்துப் பேர் மட்டும், பேசுவதோடு கூட, அரை மணி நேரம் இணையத்துக்கும் போகிறார்கள். இது மேலும் 300 நிமிடம். சுமை 5-லிருந்து 10 எர்லாங் ஆகிறது; இரு மடங்கு. ஏமாற்றம் அடைவோர் தொகையும் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்காகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. சூத்திரம் தரும் விடை நூற்றுக்கு 21! கூட்டம் இரட்டித்தால் ஏமாற்றம் பதினோரு மடங்குக்கும் மேல். இதோடு நிற்கவில்லை. இணைப்புக் கிடைக்காதவர் மறுபடி மறுபடி எண்ணைச் சுழற்றுகிறார். கிடைத்தவரோ ‘விட்டால் மறுபடி கிடைக்குமோ கிடைக்காதோ’ என்று விடாமல் பிடித்துக்கொள்கிறார். இந்தப் பயம் சூத்திரத்தில் சேராதது. உண்மை நிலை சூத்திரத்தைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 5 மணி நேரத்துக்கு 9.95 டாலரும், மேலும் ஒவ்வொரு மணிக்கும் 2.95 டாலரும் வாங்கிவந்தது. 1996 டிசம்பரில் மாதம் 19.95 டாலருக்கு அளவில்லாச் சேவை என்று மாற்றியது. அந்நாட்டில் உள்ளூர் அழைப்புக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் இல்லை. எனவே தொலைபேசியை வைக்க எவருக்கும் காரணமே இல்லாமற் போயிற்று. நாடெங்கும் ‘எங்கேஜ்’ ஒலிதான். வழக்குகள் தொடுத்தார்கள். 1997 ஜனவரியில், இணைப்புக் கிடைக்காதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் பல மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு பல நிறுவனங்கள் ஒரு புது விதியைச் சேர்த்தன. சில நிமிடம் விசைப்பலகை அசையாமலிருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்றன. உடனே, ஆள் இல்லாதபோதும் இருப்பதுபோல் நடிக்கும் சிறு நிரல்களை யாரோ எழுதிவிட்டார்கள்! மனித மூளை இத்தகைய வேலைகளில் பின்தங்குவதே இல்லை.

ஓடிக்கொண்டிருந்த மீட்டர்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் நுழைவாயில் சென்னையில். இராமநாதபுரத்திலிருந்து ஒருவர் இணையத்துக்குப் போக விரும்பினால், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எஸ்.டி.டி. அழைப்புப் போட வேண்டும். இணையச் சந்தாவைவிடத் தொலைபேசி பில்லே பயமுறுத்தும்.

பின்னாளில் உள்ளூர் எண்கள் வந்தன. அப்போதும் ஒரு வேறுபாடு இருந்தது. அமெரிக்காவைப் போலன்றி, இங்கே உள்ளூர் அழைப்புக்கும் மீட்டர் ஓடும். மூன்று நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால், ஒரு மணி நேர இணைப்பு 20 அழைப்புகளுக்குச் சமம். இணைய நிறுவனம் ‘அளவில்லை’ என்று சொல்லலாம். தொலைபேசித் துறை அளந்துகொண்டே இருக்கும். இரண்டு கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்ததுபோல.

பிரிட்டனிலும் இதே சிக்கல்தான். அங்கே 2000 மார்ச்சில் அல்டாவிஸ்டா என்ற நிறுவனம், தொலைபேசிக் கட்டணமும் சேர்ந்த அளவில்லாச் சேவையை அறிவித்தது. நிமிடத்துக்கு நிமிடம் தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, மக்களிடம் ஒரே தொகை வாங்கினால் கட்டுப்படியாகுமா? அதே ஆகஸ்டில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

நம் ஊர்களில் இந்தச் செலவைப் பிரவுசிங் சென்டர்கள் பகிர்ந்துகொண்டன. 2000-களின் தொடக்கத்தில் தேர்வு முடிவு வெளிவரும் காலையில், பதிவெண்ணை எழுதிய துண்டுச்சீட்டோடு வாசலில் நின்றவர்கள் ஏராளம். முடிவு என்பது சில நூறு எழுத்துகள். கம்பியில் அது ஒரு நொடிச் சரக்கு. ஆனால் அந்த ஒரு நொடிக்காக ஆயிரக்கணக்கான பேர் ஒரே மணி நேரத்தில் எண்ணைச் சுழற்றுவார்கள். எர்லாங் சொன்னது எதுவென்று அன்று வாசலில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது.

ஒரு கம்பி, ஓர் ஒலிபெருக்கி

இந்த எல்லைகளை நன்கு புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம். இணையத்தைத் தொடுவது அதுவே. மற்ற ஊர்களுக்கு வானொலிக் கருவி மூலம் செய்தி போகும். வீராம்பட்டினம் என்ற மீனவ ஊருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: நாளை கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்? அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் கிடைத்த அந்த விவரத்தை எடுத்துத் தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

இதன் கணக்கைப் பாருங்கள். 500 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தி 4,000 பிட். நொடிக்கு 20,000 பிட் செல்லும் மட்டமான கம்பியிலும் அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரந்தான். படங்கள் நிறைந்த 500 கிலோபைட் பக்கமானால் அதே கம்பியில் 200 நொடி. ஒவ்வொரு மீனவரும் தனித்தனியாக அழைத்தால் மோடங்கள் போதா. ஒரே முறை எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னால், கேட்பவர் நூறானாலும் ஆயிரமானாலும் கம்பிக்கு ஒன்றுதான். விடியுமுன் படகு தள்ளுகிறவருக்கு ‘எங்கேஜ்’ ஒலி வந்தால் அது வெறும் எரிச்சல் அல்ல என்பதைக் கடற்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாம்பன் தீவிலேயே உள்ள தங்கச்சிமடத்தில் 2004-இல் அதே நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு கிராம வள மையம் அமைத்தபோது, செயற்கைக்கோள் இணைப்பையே தேர்ந்தெடுத்தார்கள். உப்புக் காற்று தின்னும் செப்புக் கம்பி அந்தப் பாதையில் இல்லை.

செம்பையும் முழுக்கக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. 3,400 ஹெர்ட்ஸ் என்ற வேலியைப் போட்டது கம்பியன்று, இணைப்பகத்தின் வடிகட்டி. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது, வீட்டுக்கு வந்த கம்பி பழைய கம்பிதான். பேச்சுக்கு மேலுள்ள உயர் அதிர்வெண்களைத் தரவுக்கு ஒதுக்கி, இணைப்பகத்திலேயே அவற்றைத் தனியே பிரித்துவிட்டார்கள். பேசிக்கொண்டே இணையம் பார்க்க முடிந்தது. எண்ணைச் சுழற்றும் வேலை ஒழிந்தது. ஆனால் உயர் அதிர்வெண் கம்பியில் விரைவில் தேய்ந்துவிடும். இணைப்பகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளினால் வேகம் வீழும். எல்லை வேறோர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

செய்து பாருங்கள்

1. கைபேசியின் அன்றைய டேட்டா தீர்ந்த பின், நொடிக்கு 64,000 பிட் வேகத்தில் 24 மணி நேரமும் இறக்கினால் எத்தனை மெகாபைட் கிடைக்கும்?

2. சைகை இரைச்சலைப் போல் 511 மடங்கு உள்ள தொலைபேசிக் கம்பியின் வேக எல்லை என்ன?

3. திருவிழா நாள் மாலை ஏழு மணிக்கும், மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒரே இடத்தில் நின்று உங்கள் கைபேசியின் வேகத்தை அளந்து எழுதுங்கள். கோபுரத்தின் அலைக்கற்றையும் பலர் பகிர்ந்துகொள்ளும் வாளிதான். இரண்டு எண்களும் எவ்வளவு வேறுபடுகின்றன?

விடைகள்: 1. ஏறத்தாழ 691 மெகாபைட். 2. நொடிக்கு 27,900 பிட். 3. உங்களிடமே.